பதர் வாசித்த ஆறாவது கச்சேரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பாபநாசம் ஜெக்கரியா அல்லா மேல் சத்தியம் செய்து சொன்னது இது. நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

'பதர்' என்றொரு ராக் குழு இருந்தது. பாபநாசத்தில் ஹார்ட்கோர் பங்க்கா என்று சிரிக்காதீர்கள். இரண்டே பேர். ஜெக்கரியா டிரம். வைரக்கண்ணு கிட்டாரும் கத்தலும். பாட்டு ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்தான். வயலில் எண்ணெய்க் குழாய் பதிக்க வந்தவர்களைக் கிழி கிழியென்று கிழிக்கும். பதினோரு மாதம், ஐந்து கச்சேரி, செல்போனில் பதிந்த ஒன்பது பாட்டு. அவ்வளவுதான் ஆயுசு. ஆனால் அதைக் கேட்டுவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் எத்தனையோ பையன்கள் கிட்டாரைத் தூக்கினார்கள்.

ஆறாவது கச்சேரி 2017 ஆகஸ்ட் 20, மாலை ஆறு மணிக்கு, போராட்டப் பந்தலில். அன்று காலை 9.35க்கு ஜெக்கரியா திருச்சியில் விமானம் ஏறிவிட்டான். துபாய் விசா வந்திருந்தது. நண்பனிடம் சொல்ல வாய் வரவில்லை. போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான். ஆறு வருடம் அது அவனை அரித்தது. வைரக்கண்ணு மன்னிப்பானா... அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டும்.

ஊர் திரும்பியதும் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து, அவர்கள் இருவரும் வாசித்துப் பழகிய பழைய ரைஸ்மில்லுக்குப் போனான். மணி 1.50. மில் மூடி நாலு வருடம். கரண்ட் மீட்டரைக்கூடக் கழற்றிப் போயிருந்தார்கள். மூலையில் அவனுடைய டிரம் அப்படியே கிடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

ஸ்டூல் சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

வெயிலாக இருக்கும் என்று நினைத்தான். அந்த மூலையில் வெயிலே விழவில்லை.

மணி 2.04. நெல் அவிக்கும் தொட்டிக்குப் பின்னாலிருந்து... ம்ம்ம்ம். ஆம்ப்ளிஃபயர் இரைச்சல்.

பிறகு குரல்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு."

உலகத்தில் வேறெந்தக் குழுவும் இப்படி எண்ணாது. வைரக்கண்ணுவின் அப்பா களத்தில் நெல் அளந்தவர். முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். மகனும் பாட்டை அப்படித்தான் தொடங்குவான்.

ஜெக்கரியாவின் கை தானாக அடித்தது. ஒன்பது பாட்டு. அழுதுகொண்டே அடித்தான். இத்தனை வருடத்தில் அன்றுதான் தனியாக இல்லை என்று தோன்றியது.

"வைரம்... என்னை மன்னிச்சிட்டியாடா?"

தொட்டிக்குப் பின்னாலிருந்து அதே குரல்.

"எதுக்குடா? அன்னிக்கு நீ நல்லாத்தானே வாசிச்சே."

தொட்டிக்குப் பின்னால் ஓடினான்.

ஆளில்லை. கிட்டார் இல்லை. சுவரில் ஒயர்கூட இல்லை.

வைரக்கண்ணுவின் வீட்டுக்கு ஓடினான். அக்கா ராமாயி கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவனைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"நீ மட்டும் வந்திருக்கியே தம்பி? அன்னிக்குப் பந்தல்ல வாசிச்சு முடிச்சதும், மெட்ராஸ்ல பாடப் போறோம்னு அவனை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனியே. ஊரே பார்த்துச்சு... என் தம்பிய எங்க விட்டே?"