என் வீட்டுக்காரர் பூச்சிமருந்து குடிக்கவில்லை!

மூன்று வருஷத்துக்கு முன்னால், சம்பாப் பயிர் கதிர் விடுகிற சமயத்தில் நடந்தது இது. கீழ்வேளூர் பக்கம் எங்கள் கிராமம். என் வீட்டுக்காரருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. அதை அவர் ஒருநாளாவது மதித்திருந்தால் நான் ஏன் இப்படிக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போகிறேன்?

மதியம் ஒரு கரண்டி சோறு, நிறையக் கீரை. காலையும் ராத்திரியும் கோதுமை இல்லாவிட்டால் கேழ்வரகு. இதுதான் நான் போட்ட சட்டம். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு மா நிலத்தை ஒதுக்கி, அதில் மட்டும் மருந்தே அடிக்காமல் மாப்பிள்ளைச் சம்பா போடவைத்தேன். டீக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, இவருக்குச் சீனி போட்டீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று மிரட்டிவிட்டு வந்திருக்கிறேன். மனுஷர் அடுத்த தெருக் கடைக்குப் போய்ச் சீனி போட்டுக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு வருவார்.

அன்றைக்குக் காலையில் இரண்டு கேழ்வரகு தோசை வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார்.

"நெல்லு விளைய வைக்கிறவன் நானு. எனக்கு ஒரு வாய் சோறு கெடையாதா? இதத் தின்னுறதுக்கு மருந்தைக் குடிச்சிட்டுப் போயிடலாம்!"

சொன்னதை மெதுவாகவாவது சொன்னாரா? தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்று கேட்டார். நானும் விடவில்லை. "பசிச்சா தானா வந்து திம்பீங்க, போங்க!" என்றேன். தெளிப்பான் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது, அன்றைக்கு அடித்தே ஆகவேண்டும்.

பதினோரு மணி இருக்கும். தள்ளாடிக்கொண்டே வாசலில் வந்து சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை கால் உதறல், வாயில் எச்சில் வழிகிறது. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனவர், சர்க்கரை இறங்கிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஐயோ, நான் போட்ட பட்டினியாலேயே இப்படி ஆகிவிட்டதே என்று அடித்துப்பிடித்து ஓடிச் சீனித் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தேன்.

அவர் வாயருகே டம்ளரைக் கொண்டுபோன நேரத்தில், வீடு வீடாக வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் பெண் வாசலுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண் மட்டும் அன்றைக்கு எங்கள் தெருவுக்கு வராமல் போயிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

"அக்கா, இருங்க! வாயில எதுவும் ஊத்தாதீங்க!" என்று டம்ளரைப் பிடுங்கினாள். விரலில் குத்தி மிஷினில் வைத்துப் பார்த்தாள். "சர்க்கரை எறங்கலக்கா. முந்நூறத் தாண்டி ஏறிக் கெடக்கு." பிறகு கண் இமையை விலக்கிப் பார்த்தாள். கண் பாப்பா கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. சட்டையை முகர்ந்தாள். "மருந்து அடிச்சிட்டு வர்றாரா?"

அப்போதுதான் அவர் முதுகைப் பார்த்தேன். டேங்க் மூடி ஒழுகி, சட்டை முழுக்க நனைந்து தோலோடு ஒட்டிக் கிடந்தது. கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பெண்தான் சட்டையைக் கழற்றிப்போட்டு, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். ஆம்புலன்சை வரவழைத்து, "மருந்து பாட்டிலயும் எடுத்துக்கிட்டுப் போங்க, டாக்டர் கேப்பாங்க" என்று வயலுக்கு ஆள் அனுப்பி அதையும் என் கையில் கொடுத்தாள்.

அந்தப் பாட்டிலே எனக்கு வினையாகிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடிச்சாரு?"

"குடிக்கலைங்க. வயல்ல அடிச்சாரு."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றீங்க. வீட்டுல என்ன சண்டை?"

டாக்டர்கள் வைத்தியத்தைத் தாமதிக்காமல் ஆரம்பித்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முழுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். எதிர்வீட்டு அம்மா ஆறுதல் சொல்ல வந்த இடத்தில், "காலைல கூட மருந்தைக் குடிச்சிடுவேன்னு சொன்னாருங்க, என் காதால கேட்டேன்" என்று அவரிடம் ஒப்பித்துவிட்டார். என் நாத்தனார் வராந்தாவிலேயே தலையில் அடித்துக்கொண்டு, "எங்கண்ணனுக்கு ஒரு வாய் சோறு போடாம மருந்தைக் குடிக்க வச்சிட்டீங்களே அண்ணி!" என்று அழுதாள். உள்ளே அவர் மூச்சுக்குக் குழாய் போட்டுக் கிடக்கிறார், பிழைப்பாரா மாட்டாரா தெரியாது. வெளியே நான் புருஷனைக் கொல்லப் பார்த்தவள். அழுவதா, ஆத்திரப்படுவதா என்றே தெரியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "குடிக்கல, குடிக்கல" என்று கத்தினேன். ஒருத்தராவது நம்பவேண்டுமே!

நாலாம் நாள் குழாயை எடுத்தார்கள். போலீஸ்காரர் மறுபடி வந்து, "ஏன்யா குடிச்ச?" என்றார். இவர் திருதிருவென்று விழித்துவிட்டு, "எதைங்க? டேங்க் மூடி ஒழுகுச்சிங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த மூச்சிலேயே நர்சிடம், "சோறு எப்பங்க குடுப்பீங்க?" என்று கேட்டார். அங்கேயே ஒரு அறை விடலாமா என்றிருந்தது. அழுதுகொண்டே சிரித்தேன்.

நான் ஜெயித்த நினைப்போடு சின்ன வயசு லேடி டாக்டரிடம் போய், "பாத்தீங்களா டாக்டர், குடிக்கலைன்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்றேன்.

"எத்தனை வருஷமாம்மா மருந்து அடிக்கிறாரு?"

"இருபது வருஷத்துக்கு மேல."

"கைக்கு உறை, மூஞ்சிக்கு மாஸ்க்?"

"அதெல்லாம் எங்க ஊர்ல யாரு டாக்டர் போடுறா? கையாலதான் கலக்குவாரு. வேர்க்குதுன்னு சட்டையைக் கூடக் கழட்டிப் போட்டுட்டு அடிப்பாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. "சாப்பாட்டுல கட்டுப்பாடா இருக்கறது ரொம்பச் சரிம்மா, விட்றாதீங்க. ஆனா இந்த விஷம் தோல் வழியாவும் உள்ள போகும். இந்தத் தடவை நெறைய போச்சு, விழுந்துட்டாரு. ஒவ்வொரு பட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா போனது? வருஷக்கணக்கா அதுல பொழங்கறவங்களுக்குச் சர்க்கரை வர அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு இப்ப பேசிக்கிறாங்க. உறுதியா சொல்ல முடியாது. ஆனா வாயால குடிச்சாத்தான் குடிக்கிறதுன்னு நெனைக்காதீங்க." பிறகு, "அந்தச் சட்டையெல்லாம் யாரு தொவைக்கிறது?" என்று கேட்டார். என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது உறை, மாஸ்க், முழுக்கைச் சட்டை இல்லாமல் பாட்டில் என் கையைவிட்டுப் போகாது. "இதப் போட்டா மூச்சு முட்டுதுடி" என்று இன்றைக்கும் சண்டைதான். பூச்சி கொஞ்சமாக இருந்தால் அடிக்கவே விடுவதில்லை, அதற்கு வேறு சண்டை.

ஊரில் சிலர் இன்னும் அவர் குடித்தார் என்றேதான் பேசுகிறார்கள். முன்பெல்லாம் விடாமல் மல்லுக்கு நிற்பேன், இப்போது நிற்பதில்லை. இருபது வருஷமாகத் தோலால் குடித்துக்கொண்டிருந்த மனுஷனுக்குப் பக்கத்திலேயே, தட்டில் எத்தனை கரண்டி சோறு விழுகிறது என்பதை மட்டும் எண்ணிக்கொண்டு இருந்தவள் நான். அதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?