விளக்கை அணைக்கிற வேலை

குடும்பத்தோடு ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது ஒரு தனி வேதனை: சந்தோஷமாக இருந்தே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டு, எரிச்சலோடு வந்து இறங்குவார்கள். நீங்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கேயாவது போய் வந்தவர்தானே, உங்களுக்குத் தெரியாததா?

ஈமுக் கோழி வளர்ப்பு எங்கும் பேச்சாக இருந்த காலம். சோழவந்தான் போகிற பாதையில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் வேலை பார்த்தேன். ஈமு, முயல், வாத்து, ஒரே ஒரு ஒட்டகம், கடைசியாக ஒரு குகை. குகையின் உள்ளறையில் எல்லோரையும் பாறைமேல் உட்காரவைத்து, கையிலிருக்கும் எமர்ஜென்சி லைட்டைக் கொஞ்ச நேரம் அணைப்பேன். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். எங்கோ தண்ணீர் சொட்டும். நாம் எங்கே முடிகிறோம், பாறை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்த இருட்டின்மேல் எனக்கு அப்படியொரு பிரியம்.

யாரோ பயந்துபோய்ப் புகார் சொல்ல, முதலாளி முடிவெடுத்துவிட்டார்: “பொங்கல் கூட்டம் முடியட்டும். உள்ள வரிசையா ட்யூப்லைட் போட்ருவோம்.”

அதோடு என் இருட்டு போச்சு.

திமில்

காணும் பொங்கலன்று அவனியாபுரத்துக்காரர் ஒருவர் மனைவி, பிள்ளைகளோடு வந்தார். ஜல்லிக்கட்டில் வாங்கிய அடிக்குக் கையில் கட்டு. ஒட்டகத்தைக் கண்டதும் பிள்ளைகளை மறந்துவிட்டார். காளையைக் கட்டி அணையப் பக்கவாட்டில் போய் நிற்பதுபோலக் காலை அகட்டி நின்றார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒட்டகமோ பாதித் தூக்கத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“திமிலை இம்புட்டு ஒசரத்துல வச்சிருந்தா மனுசன் எப்பிடிண்ணே அணையுறது?”

இருட்டில் ஒரு குரல்

மறுநாள் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம் வந்தது. விளக்கை அணைத்ததும், அந்த அம்மா தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு மூலையிலிருந்தும் அவர்கள் மொழியில் ஒரே சொல் பதிலாக வந்தது. எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் இருட்டில் வீடுவீடாக விளக்கேற்றுவதுபோல் இருந்தது.

எல்லாப் பிள்ளையும் பதில் சொன்ன பிறகு, அதே சொல்லை இன்னொரு சின்னக் குரலும் சொன்னது. பதறிப்போய் விளக்கைப் போட்டேன். அதே கூட்டத்தில், கோரிப்பாளையத்திலிருந்து அப்பாவோடு மட்டும் வந்திருந்த ஒரு சிறுமி. ஏன் சொன்னாய் என்று அந்த அம்மா கேட்டார்.

“எல்லாரும் சொன்னாங்களா, எனக்கும் சொல்லணும்போல இருந்துச்சு.”

முதலாளி வீட்டம்மா

கூட்டம் ஓய்ந்ததும் முதலாளி எலக்ட்ரீஷியனோடு வந்தார். மனைவியும் பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். குகைக்குள்ளும் அவர் வாய் ஓயவில்லை: லைட் இங்கே, சுவிட்ச் அங்கே, ஸ்பீக்கர் மேலே. இதுதான் கடைசி இருட்டு என்று தோன்றியது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டேன்.

பேச்சு பாதியில் நின்றது. தண்ணீர் சொட்டியது. பிள்ளைகள் நகர்ந்து அவரை ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வேலை போச்சு என்று சுவிட்சில் விரலை வைத்தேன். அப்போது முதலாளி வீட்டம்மாவின் குரல் மெதுவாக வந்தது:

“போடாதீகண்ணே. கல்யாணமாகி இன்னைக்குத்தான் இவுக பேசாம என் பக்கத்துல உக்காந்திருக்காக.”

ட்யூப்லைட்டெல்லாம் முயல் கூண்டுக்குப் போய்விட, டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு ஒன்றுமே காட்டாமல் இன்னும் பல வருஷம் நான் சம்பளம் வாங்கினேன்.