நூற்றிரண்டு சதவீதக் கெட்டில்

எங்கள் வீட்டுக் கெட்டில் நூற்றிரண்டு சதவீதத் திறனோடு வேலை செய்வதாகக் கணக்கு சொன்னது. கணக்கைப் போட்டவள் நான்தான். திரும்பப் போட்டேன். அதே விடை வந்தது.

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் செய்தி திருத்தும் மேசையில் பல வருடம் இருந்தவள் நான். ஏதோ ஒரு சங்கத் தேர்தலில் உறுப்பினர்களைவிட ஓட்டுகள் அதிகமாக விழுந்திருப்பதாக நிருபர் எழுதி அனுப்பினால், முதல் வேலையாக அவரைக் கூப்பிடுவோம். நூறைத் தாண்டிய சதவீதத்தைக் கண்டால் இன்றும் கை பேனாவைத் தேடும். இந்தச் செய்தியில் கூப்பிட்டுக் கேட்க நிருபர் யாரும் இல்லை. அடுப்படி மேடையில் கெட்டில் மட்டும் இருந்தது.

பத்திரிகையில் ஆட்குறைப்பு வந்தபோது வேலையை விட்டு, கணவர் இருக்கும் கேமரன் மலைக்கே வந்துவிட்டேன். அவர் தேயிலை ஃபேக்டரியில் மின்சார வேலை பார்க்கிறார். சும்மா இருக்க எனக்கு வராது. அறிவியல் ஆசிரியர் படிப்பில் சேரலாம் என்று, தொலைக்கல்வியில் அடிப்படை அறிவியல் வகுப்பு எடுத்தேன். ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது ஒரு சி கிரேடு வேண்டும். பௌதிகம் மட்டும் மிச்சம். அதற்கான பாடப்பணி இருவர் சேர்ந்து செய்வது: மின் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து அதன் செயல்திறனைக் கண்டுபிடி.

என் கூட்டாளி விவசாய இலாகா அலுவலகத்தில் குமாஸ்தா. தெலுக் இந்தானிலிருந்து மாற்றலாகி வந்தவன், என்னைவிடப் பத்து வயதாவது இளையவன். அவனுக்கு சி போதாது. மற்ற பாடங்களில் விட்டதை இதில் ஏ வாங்கிப் பிடித்தால்தான் சராசரி தேறும். சராசரி தேறினால்தான் பதவி உயர்வுக்கு மனு போடலாம். சந்தித்த முதல் நாளே அதைச் சொல்லிவிட்டான்.

சமன்பாடு எளியது. கெட்டில் தண்ணீருக்குக் கொடுத்த வெப்பம் ஒரு பக்கம். அது எடுத்துக்கொண்ட மின்சாரம் மறுபக்கம். தண்ணீரின் எடை, தொடங்கிய சூடு, முடிந்த சூடு, கெட்டிலின் வாட், எடுத்த நேரம். எல்லாம் தெரிந்தால் தெரியாத ஒன்று தானே வெளியே வரும். சமன்பாடு போடுவது எனக்குப் பிடித்திருந்தது. செய்தியில் ஒரு வரியை மாற்றினால் அடுத்த பத்தியில் எங்கே இடிக்கிறது என்று தேடவேண்டும். இதில் உடனே இடிக்கும்.

இடித்தது. நூற்றிரண்டு.

"அப்ப அந்த ரெண்டு பர்சென்ட்ட ஃபேக்டரிக்குத் திருப்பி அனுப்பிடு. எஸ்டேட் துரை சந்தோசப்படுவாரு" என்றார் கணவர்.

"சிரிக்காதீங்க. வாட் சரியான்னு பாத்துக் குடுங்க."

மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துவந்து பார்த்தார். இரண்டாயிரம் வாட், சரிதான். தராசு சரி: ஒரு கிலோ தண்ணீர். குழாய்த் தண்ணீர் பதினெட்டு டிகிரி, நானே பார்த்தது. நேரம் கைப்பேசி காட்டியது: நூற்று அறுபத்தொன்பது வினாடி.

கூட்டாளிக்கு ஃபோன் போட்டேன். அவன் திரிங்காப்பில் ஏதோ ஒரு காய்கறித் தோட்டத்தில் நின்றிருந்தான். லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, கெட்டில் தானா நிக்கறதுக்குள்ள நீங்க ஃபோன் பட்டனை அமுக்கிட்டீங்க போல. மூணு நிமிசம்னு போட்டுருங்க லா. ரவுண்டா இருக்கும்."

"மூணு நிமிஷம் ஆகலையே தம்பி."

"ஆயிருக்கும் லா அக்கா. பனியில கை வெரச்சிருக்கும்."

மூன்று நிமிடம் போட்டால் தொண்ணூற்றாறு சதவீதம் வந்தது. பார்க்க அழகான எண். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றேன். அவன் சரி என்றான்.

அந்தச் சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். துணி காயப் போட்டேன், பனிமூட்டம் இறங்கியதும் எடுத்தேன், மறுபடி போட்டேன். கீழே ரோட்டில் கியா பார்ம் சந்தைக்குப் போகும் கார்கள் நகராமல் நின்றன. ஒவ்வொரு எண்ணாக யோசித்தேன்: இதை யார் பார்த்தது, எதை வைத்துப் பார்த்தது? எடை, நான். வாட், கணவர். தொடங்கிய சூடு, நான். நேரம், நான். முடிந்த சூடு நூறு டிகிரி. அதை யாருமே பார்க்கவில்லை. வினாத்தாளில் அச்சடித்திருந்தது. அதை அப்படியே எடுத்து எழுதியிருந்தோம்.

குண்டானில் தண்ணீர் வைத்து, கொதித்ததும் தெர்மோமீட்டரை உள்ளே விட்டேன். தொண்ணூற்றைந்தில் நின்றது. கேஸைக் கூட்டினேன். தண்ணீர் துள்ளி அடுப்பில் சிந்தியது, தொண்ணூற்றைந்துதான். கணவர் ஃபேக்டரியிலிருந்து வேறொரு தெர்மோமீட்டர் வாங்கி வந்தார். அதுவும் தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. இந்த மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது வந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் நூறுக்கு முன்பே கொதித்துவிடும் என்று பாடத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. கூட்டாகச் செய்யும் வேலையின் பலம் அது.

நூறை அடித்துவிட்டுத் தொண்ணூற்றைந்தை வைத்து, நூற்று அறுபத்தொன்பது வினாடியை அப்படியே விட்டுக் கணக்குப் போட்டேன். விடை தொண்ணூற்றாறு சதவீதம்.

பொய்யான நேரம் கொடுத்த அதே எண். அன்றைக்கு என்னை உட்காரவிடாமல் செய்தது அதுதான். விடை தப்பாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அவனிடம் ஃபோனில் சொன்னேன்.

"அக்கா, நான் மத்தியானமே ஏத்தி அனுப்பிட்டேன்."

"பாக்கிறேன்னு சொன்னேனே தம்பி?"

"நீங்க பாக்கிறதுக்குள்ள இங்க இன்டர்நெட் லைன் போயிரும்னு பயம். இப்ப மாத்த முடியாது, டைம் முடிஞ்சு கதவ மூடிட்டாங்க. விடை ஒண்ணுதானே? தொண்ணூத்தாறும் தொண்ணூத்தாறும். பின்ன என்ன?"

"வந்த வழி வேற."

"வழிக்கா மார்க்கு போடறாங்க?"

போடுகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் தணிந்த குரலில் சொன்னான்: "கேக்கலேன்னா நாமளா சொல்ல வேணாம் அக்கா. எனக்கு இதான் கடைசி சான்ஸ்." நான் சரி என்றேன். கேட்கமாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

வாய்மொழித் தேர்வு வீடியோவில். எஸ்டேட்டில் லைன் விட்டுவிட்டு வரும் என்பதால், கியா பார்முக்குக் கொஞ்சம் மேலே அவன் காரை ஓரம் கட்டினான். கைப்பேசியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்ட்ராபெரிக் கடைக்காரர் எங்களை வாடிக்கையாளர் என்று நினைத்து இரண்டு முறை டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

விரிவுரையாளர் மலாய்ப் பெண்மணி. முதலில் சமன்பாட்டை விளக்கச் சொன்னார். அவன் அழகாக விளக்கினான். எந்தப் பக்கம் எது, ஏன் வகுக்கிறோம், எங்கே வெப்பம் வீணாகிறது என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். அவர் தலையாட்டினார். என்னைவிட அவனுக்குப் பாடம் நன்றாகத் தெரியும். அதையும் பதிவு செய்யவேண்டும்.

பிறகு அவர் அட்டவணையைப் பார்த்தார். சரியாக மூன்று நிமிடமா, நேரம் பார்த்தது யார் என்று கேட்டார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் என் பெயரைச் சொல்லி, நீங்களா என்றார். நானே என்றேன். எவ்வளவு காட்டியது என்றார்.

நூற்று அறுபத்தொன்பது என்றேன்.

அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். மீதியை நான்தான் சொன்னேன்: நூற்றிரண்டு, மலை, தொண்ணூற்றைந்து, எல்லாம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். மலைக்காகச் சூட்டைத் திருத்தியது நல்ல வேலை என்றார். ஆனால் அனுப்பிய அறிக்கையில் அது இல்லை, மாற்றிய நேரம்தான் இருக்கிறது. மறுபடி எழுதி அனுப்புங்கள், இருவருக்கும் அதிகபட்சம் சி என்றார்.

எனக்கு சி போதும். சொல்லும்போதே அது எனக்குத் தெரியும். பொய் நேரம் போட்டது அவன், உண்மையைச் சொன்னது நான், கணக்குத் தீர்ந்தது அவன் மார்க்கில்.

அவன் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் நான் இறங்கும்போது, "உங்களுக்கு ஓகேதானே அக்கா" என்றான். குரலில் கோபம் இருந்ததா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. புதிய அறிக்கையை நான் எழுதினேன். அவன் படித்துவிட்டு, ஒரு தசமப் புள்ளியைத் திருத்தி அனுப்பினான். சரியான திருத்தம்தான்.

முடிவு வந்தது. எனக்கு ஆசிரியர் படிப்பில் இடம் கிடைத்தது. அவனுக்குச் சராசரி கொஞ்சத்தில் இடறியது. இன்னொரு பாடம் எடுத்து ஈடுகட்டினால் அடுத்த முறை மனு போடலாம். டவுனில் காய்கறிக் கடையில் பார்த்தபோது அவனே சொன்னான். வேதியியல் எடுத்திருக்கிறானாம். கையிலிருந்த முட்டைக்கோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தடவ கூட்டாளி யாரு தம்பி?" என்று கேட்டேன்.

"தனியா செய்யற பாடமா பாத்துதான் எடுத்தேன் அக்கா" என்றான். எடை போட்ட பையை வாங்கிக்கொண்டு, "மாமாவ கேட்டதா சொல்லுங்க" என்று காரை நோக்கி நடந்தான்.