எம்.பி.க்குக் காட்டிய கணக்குப் பாடம்

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு எம்.பி. வந்தார். எதிர்க்கட்சி எம்.பி. வந்தார், பார்த்தார், பேசினார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அதனால் இப்போது எனக்கு மகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஏனென்று சொல்கிறேன்.

எங்களுடையது வன்னியில், நெடுங்கேணிப் பக்கத்தில் உள்ள சின்னப் பள்ளிக்கூடம். மகள் நிவேதா இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். அவளுடைய வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லை. இருந்தவர் இடமாற்றம் கிடைத்துப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கணிதத்தைக் கோட்டை விட்டால் பிறகு ஏ.எல். வகுப்புப் பக்கம் போவது எப்படி? வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட இதே கதைதான்.

நான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். பத்தி எழுதுகிறவன் என்பதால் மகஜர் என்கிற கோரிக்கை மனு எழுதும் வேலையும் என் தலையில் விழும். கல்வியைப் பற்றிப் பேச எம்.பி. வருகிறார் என்றதும் உட்கார்ந்து எழுதினேன். ‘எங்களுக்கு ஒரு கணித ஆசிரியர் வேண்டும்’ — இதை இரண்டு பக்கத்துக்கு நீட்டுவது லேசான வேலையா? நீட்டினேன்.

ஆனால் எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறதே... வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் உடைந்த கதிரையை முதலில் குசினிக்குள் தள்ளிவிடுவோம். பள்ளிக்கூடத்துக்கும் அதே வைத்தியம்தான். வெடித்த சுவருக்குத் திரைச்சீலை. ஒழுகும் கூரைக்குப் புதுத் தகரம். மின்விசிறிக்குப் பக்கத்து வாசிகசாலையில் இரவல். கால் உடைந்த மேசைகள் எல்லாம் விறகுக் கொட்டிலுக்குள் போயின. என் மனைவி, கலியாணத்துக்குப் பிறகு வெளியே எடுக்காத கோப்பைகளைக் கொடுத்தனுப்பினாள்.

மிஞ்சியது காரியாலயச் சுவரில் தொங்கிய நேரசூசி, பாட அட்டவணை. அதில் கணித பாடத்துக்கு நேரே ஆசிரியர் பெயர் இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி வெற்றிடம். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையான அதிபர் அம்மாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. வருகிற மனிதர் கண்டால் என்ன நினைப்பார்? உடற்கல்வி ஆசிரியர் சுதன் சேரைக் கூப்பிட்டார். அன்றைக்கு ஒரு பாடவேளை மட்டும் கணிதம் எடுக்கும்படி கேட்டார். நேரசூசியிலும் அவர் பெயரை அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார்.

‘அம்மா, அப்படியென்றால் மகஜர்?’ என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எம்.பி. வந்தார். பாண்ட் வாத்தியம், மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்தது. மனிதர் கையில் எழுதிய பேச்சோடு வந்திருந்தார். அதில் ஒழுகும் கூரை இருந்தது. மேலே பார்த்தார், தகரம் மினுங்கியது. உடைந்த மேசை கதிரை இருந்தது, ஒன்றையும் காணவில்லை. அவருடன் வந்த படப்பிடிப்பாளர் வளாகத்தை இரண்டு தரம் சுற்றிவிட்டு, கடைசியில் வேலியோரம் நின்ற மாட்டைப் படம் எடுத்தார்.

எம்.பி. அதிபர் அம்மாவிடம் வாய்விட்டே கேட்டார்.

“என்ன குறை இருக்கெண்டு சொல்லுங்கோ அம்மா. ஒண்டை எண்டாலும் சொல்லுங்கோ.”

“எங்களுக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

வந்த ஆளிடம் வாசலிலேயே குறை சொல்வதா? எங்கள் வாய்க்கு அது வராது.

பிறகு வகுப்பைக் காட்டினோம். வகுப்பு மைதானத்தில் இருந்தது. சுதன் சேருக்குத் தெரிந்த கணிதம் ஓட்டப்பாதை போடுவது ஒன்றுதான். சுண்ணாம்புத் தூளால் வளைவு கீறி, வெளிக்கோட்டில் ஓடுகிறவரை ஏன் முன்னால் நிறுத்துகிறோம் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நூல் பிடித்து அளந்து, அரைவட்டத்தின் சுற்றளவைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். எம்.பி. கை தட்டினார். நானும் தட்டினேன் — மகஜரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு!

மேடையில் அவர் பேசினார். கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருந்து கல்விச் சீர்திருத்தம் எழுதுகிறார்களாம். முதலில் வன்னிக்கு ஆசிரியர்களை அனுப்பட்டுமாம், பிறகு பாடத்திட்டத்தை மாற்றட்டுமாம். அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. அதற்கான ஆதாரத்தைத்தான் நாங்கள் விறகுக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம்.

நன்றியுரை என்னுடையது. மகஜரைக் கொடுக்க அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். எழுந்தேன். கணித பாடத்துக்குக் கை தட்டிய மனிதரிடம், அது பொய் என்று எப்படிச் சொல்வது? எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஒலிபெருக்கிக்காரருக்குக்கூடச் சொன்னேன். மகஜரை எடுக்கவில்லை.

ஆனால் ஒரு நல்லது நடந்தது. அடுத்த நாள் பிள்ளைகள் சுதன் சேரை விடவில்லை. அவரும் புத்தகத்தைப் படித்துப் படித்து, வாரத்தில் மூன்று பாடவேளை கணிதம் எடுக்கத் தொடங்கினார். நிவேதா வீட்டில் வந்து, “அப்பா, இப்பதான் எனக்கு வட்டம் விளங்கினது” என்றாள். அவள் கணிதத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வாரம் இப்படிப் போனது. எம்.பி. பாராளுமன்றத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிப் பேசினார். ‘அரசாங்கம் எதுவும் செய்யாமலே, ஒரு குறையும் இல்லாமல் நடக்கும் பள்ளிக்கூடம். அங்கே திரு. சுதனின் கணித பாடத்தைப் பாருங்கள்’ என்று. ஊரெல்லாம் அந்த வீடியோவை அனுப்பி மகிழ்ந்தோம்.

மறுவாரம் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கணித ஆசிரியர் திரு. சுதன் அவர்கள் மாங்குளம் பக்கம், கணித ஆசிரியர் இல்லாத ஒரு பாடசாலைக்கு உடனடியாக இடமாற்றப்படுகிறார்.

சுதன் சேர் கடிதத்தோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். “அண்ணை, எனக்குத் தெரிஞ்சது ஒரு வட்டம். அங்க போய் மிச்சத்துக்கு நான் என்ன செய்யிறது?”

நானும் அதிபர் அம்மாவும் கல்வி அலுவலகத்துக்கு ஓடினோம். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எங்களுக்கும் தேத்தண்ணி தந்தார்.

“அம்மா, பாராளுமன்றத்தில பதிஞ்ச விசயம். அதைப் பொய்யெண்டு நான் எழுதுறதோ?”

சுதன் சேர் போய்விட்டார். இப்போது எங்களிடம் கணிதமும் இல்லை, உடற்கல்வியும் இல்லை. நிவேதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அந்த ஐயா கேட்கேக்க நீங்கள் ஏன் அப்பா சொல்லேல்லை?”

ஒன்று மட்டும் சொல்வேன். எதிர்க்கட்சி சொன்னதை அரசாங்கம் அப்படியே நம்பி, மறுவாரமே நடவடிக்கை எடுத்ததை என் ஆயுளில் இப்போதுதான் பார்க்கிறேன்!