பச்சையாக மாறாத புள்ளி

போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மன்னார் பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணினி வேலை பார்த்தேன். கொழும்பில் யாரோ எழுதி அனுப்பிய ஒரு புரோகிராமைப் பராமரிப்பது என் பொறுப்பு. திரையின் இடது பக்கத்தில், கிளை கிளையாகத் திறக்கும் பட்டியலாக ஒரு ‘ட்ரீ’ இருக்கும். மாவட்டத்தைத் திறந்தால் பிரதேசங்கள், அவற்றுக்குள் கிராமங்கள், அவற்றுக்குள் குடும்பங்கள். முகாமில் இருக்கும் குடும்பத்துக்குச் சாம்பல் புள்ளி. சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பத்துக்குப் பச்சை.

1. மாரிமழை தொடங்கிய கிழமை

முருங்கன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிவபாக்கியம் என்ற அம்மா பஸ் பிடித்து வந்திருந்தார். அவருடைய கிராமத்துக்குக் கூரைத் தகரம் ஏற்றிய லொறி வாசலில் நின்றது. அவருக்கு மட்டும் தகரம் ஏற்றவில்லை.

எங்கள் அதிகாரி நடேசன் சேர் திரையைப் பார்த்தார். சாம்பல் புள்ளி.

“அம்மா, நீங்கள் இன்னும் முகாமில எண்டுதானே காட்டுது. காணிக்குப் போன ஆக்களுக்குத்தான் தகரம்.”

“நான் காணியிலதான் இருக்கிறன் ஐயா, தறப்பாள் கூடாரத்துக்குள்ள. உங்கட பிள்ளைதானே வந்து பாத்துப் பதிஞ்சது.”

பதிவு வேலை செய்யும் ஜெசிந்தா எழுந்து வந்தாள். “ஓம் சேர், நான்தான் போனனான். காலமை கொம்பியூட்டரிலயும் மாத்திப்போட்டன்.”

“மாத்தினா ஏன் நிறம் மாறேல்ல?”

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். அதற்குள் லொறி புறப்பட்டுப் பாலத்துப் பக்கம் போய்விட்டது. சிவபாக்கியம் கதிரையை விட்டு எழும்பவில்லை. “தறப்பாளில தேங்கிற தண்ணியத் தடியால தள்ளித் தள்ளி நித்திரையே இல்லை,” என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் புரோகிராமை மூடி மறுபடி திறந்தேன். பழைய கணினி, மெல்ல ஆறுதலாகத்தான் வந்தது. கிராமத்தைத் திறந்தபோது அவருடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது.

நடேசன் சேர் எட்டிப் பார்த்தார். பிறகு லொறிச் சாரதியைத் தொலைபேசியில் அழைத்தார். “முருங்கன் சந்தியில நில்லுங்கோ. இன்னும் கொஞ்சத் தகரம் பின்னால வருது.”

களஞ்சியத்தில் இருந்ததை எங்கள் நிறுவனத்து வான் வண்டியின் மேல் கட்டினோம். சேர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. வானின் முன் கதவைத் தானே திறந்து, “ஏறுங்கோ அம்மா,” என்றார். இருட்ட முன்னமே அயலவர்கள் சேர்ந்து கூரையைப் போட்டுவிட்டதாக, திரும்பி வந்த வான் சாரதி சொன்னார்.

2. ரீலோட்

தரவுத்தளத்தில் மாற்றம் சரியாகவே பதிவாகியிருந்தது. அதைத் திரையிலிருந்த ட்ரீக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆகவே பதிவு முடிந்ததும் ட்ரீ முழுவதும் புதிதாக ‘ரீலோட்’ ஆகும்படி செய்தேன். நிறம் மாறியது. ஆனால் திறந்து வைத்த கிளைகளெல்லாம் மூடிக்கொண்டன.

“அண்ணா, ஒரு குடும்பத்தை மாத்த ஒவ்வொருக்காலும் மாவட்டத்தில இருந்து இறங்கி வரவேண்டிக் கிடக்கு,” என்றாள் ஜெசிந்தா. “பழைய கரைச்சலே பரவாயில்லை.”

அடுத்து, திரையில் இருப்பதை மட்டும் மறுபடி வரையும் ‘ரீபெயின்ட்’ போட்டேன். கிளைகள் மூடவில்லை, நிறமும் மாறியது. ஆனால் ஒரு பெயரைத் திருத்தி நீளமாக்கினால், அதன் வால் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாக நின்றது. முதலில் அளந்து வைத்த அகலத்தையே ட்ரீ பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே கிராமத்தில் இரண்டு சிவபாக்கியம் இருந்தால், பெயரின் பின்பாதி இல்லாமல் யார் எவர் என்று தெரியாது.

கடைசியில், ட்ரீயை விட்டுவிட்டு அதன் பின்னாலிருந்து அதற்குத் தரவைக் கொடுக்கும் ‘மொடலிடம்’ சொன்னேன்: இந்த ஒரு நோட், அதாவது இந்த ஒரு பெயர், மட்டும் மாறிவிட்டது. அதற்கு ஒரு வரி போதும். அந்தப் பெயர் மட்டும் புதிதாக அளக்கப்பட்டு, புதிதாக வரையப்பட்டது. ஜெசிந்தா அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் அவளுடைய பாராட்டு.

இந்த வேலைக்கு வரும் இளையவர்கள், ‘டேட்டா சரியாத்தான் இருக்கு’ என்று சொல்வதைப் பிறகும் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்த அம்மாவுக்குத் தகரம் இல்லை என்று சொன்னவர் தரவுத்தளத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.