நல்ல காரியத்துக்காக விலகிய சித்தி

சித்தியின் அலுமாரி மேல்தட்டில் ஒரு பட்டுச்சேலைப் பெட்டி இருந்தது. அரக்கு நிறச் சேலை, அகலமான சரிகைக் கரை, கடையில் மடித்துக் கொடுத்த மடிப்பு இன்னும் குலையவில்லை. மூடியின் உட்பக்கம் அலுவலகப் பெண்கள் எல்லாரும் பெயர் எழுதி, நடுவில் ஒரு இதயமும் கீறியிருந்தார்கள். வெள்ளவத்தையின் கடற்காற்று எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டையே துருவாக்கித் தின்றுகொண்டிருக்க, சித்தி அந்தப் பெட்டியை மட்டும் பொலித்தீனில் சுற்றிக் காப்பாற்றினார். அது அவருடைய கலியாணத்துக்கு வந்த பரிசு. அப்படி ஒரு கலியாணம் நடக்கவில்லை, பேசப்படவும் இல்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. கொட்டாஞ்சேனையில் தரை ஓடுகள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தபோது, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவர் வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டில்தான் ஒட்டிக்கொண்டேன். காலையில் முகத்துக்கு மாப் பூசி, குடையை மடித்துக் கைப்பையில் செருகி அவர் இறங்கும்போது ஒழுங்கையே அவருக்கு வழிவிடும். ‘ஒப்பீஸ் மிஸ்’ என்பதுதான் அங்கே அவருக்குப் பெயர். கலியாணம் ஆகாத பெண்ணுக்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதை கொஞ்சம்தான். அதையும் அந்த வேலைதான் வாங்கிக் கொடுத்தது.

நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம் ஓடுகள் வருவதும் நின்றது. பெரிய முதலாளி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த சின்ன முதலாளிதான் சித்தியைக் கூப்பிட்டுக் கதைத்தார். ஏசியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். அவர் எழுந்து நின்று, சித்தி இருக்கக் கதிரையை இழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

“அக்கா, உங்களை நாங்கள் நிப்பாட்டினதெண்டு வெளிய போனா உங்களுக்குத்தான் மரியாதை இல்லை. நீங்களா விலகுறதெண்டு ஒரு வசனம் எழுதித் தாங்கோ. வடிவா ஒரு பார்ட்டி வைச்சு அனுப்புறம்.”

சித்தி எழுதிக் கொடுத்தார். எங்கள் சனத்துக்கு வேலை போவதைவிட, வேலை போனது பக்கத்து வீட்டுக்குத் தெரிவதுதான் பெரிய இழப்பு. அந்த நோயைச் சின்ன முதலாளி நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

ஆனால் ‘நானாத்தான் விடுறன்’ என்று சொன்னால் ‘ஏன்’ என்று கேட்பார்களே! மதியச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். அந்த வயதில் ஒரு பெண் கௌரவமாக வேலையை விடுவதற்கு சித்திக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். “கனடாவில ஒரு மாப்பிள்ளை இடம் சரிவந்திருக்கு,” என்றார். மேசையே கூவியதாம்.

பார்ட்டியில் கேக் வெட்டினார்கள், மாலை போட்டார்கள், அந்தச் சேலையைக் கொடுத்தார்கள். சித்தி நாணிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினார். வீட்டுக்கு வந்ததும் சேலையைக் கட்டிலில் வைத்துப் பார்த்துவிட்டு, “பாவங்கள், எல்லாரும் சேர்ந்து வாங்கியிருக்குதுகள்,” என்று விசும்பினார். எனக்கு அவரில் கோபம் கோபமாக வந்தது, கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல் இருந்தது.

கொடுத்த பணிக்கொடை கொஞ்சக் காலம் வாடகையைத் தாங்கியது. புதிய வேலை கேட்டுப் போன இடமெல்லாம் சித்தியின் முகத்தைப் பார்த்து வயதைக் கணக்குப் போட்டார்கள். என் சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி. வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று, “மிஸ், கனடா எப்ப?” என்று கேட்கும் தொனி வாரத்துக்கு வாரம் மாறியது. அந்த வீட்டை விட்டால் கொழும்பில் எங்களுக்கு வேறு கூரை கிடையாது.

வேலை போனவருக்கு மாதா மாதம் படி கொடுக்கும் காப்புறுதி சில நாடுகளில் இருக்கிறதாம். இங்கே இல்லை. இருப்பது இரண்டு கதவுகள். முதலாவது நட்டஈடு. அது கம்பனி நிறுத்தியவருக்கு மட்டும், தானாக விலகியவருக்கு இல்லை. இரண்டாவது அவரவர் சேர்த்த ஊழியர் சேமலாப நிதி. அதைத் தொடப் பெண்ணுக்கு ஐம்பது வயதாக வேண்டும், சித்திக்கு நாற்பத்தேழு. அதற்கு முன்னர் எடுப்பதானால் நாட்டைவிட்டே போக வேண்டும், அல்லது வேலை செய்ய ஏலாத நோயாளியாக வேண்டும், அல்லது கலியாணம் முடித்து வேலையை விட்டிருக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் பெண்களைப் பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்!

நிறுத்தியதுதான், வற்புறுத்தி எழுத வைத்தார்கள் என்று தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்தோம். விசாரணைக்கு நானும் போனேன். சித்திக்குச் சிங்களம் விளங்கும்; பதற்றத்தில் வாய்க்கு வராது. விசாரித்த அதிகாரி அம்மா நல்லவர், சித்தி சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கம்பனி சார்பில் சின்ன முதலாளியே வந்திருந்தார். “அக்கா சுகமா?” என்று கேட்டுவிட்டு, போனை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

பார்ட்டியில் எடுத்த வீடியோ. மாலை போட்ட சித்தி அதில் சிரித்துக்கொண்டிருந்தார். “ஒரு நல்ல காரியத்துக்காக நானே விரும்பித்தான் விலகுறன். சின்ன முதலாளி ‘நில்லுங்கோ அக்கா’ எண்டுதான் கேட்டவர். அவருக்கு நான் நன்றி சொல்லோணும்.” கைதட்டல். யாரோ ஒருத்தி, “மாப்பிள்ளையின்ர படத்தைக் காட்டுங்கோ!” என்று கத்துகிறாள். சித்தி முந்தானையால் வாயை மூடுகிறார்.

காரியாலயத்து அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான் ஒவ்வொரு வசனமாகச் சிங்களத்தில் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பக்கத்தில் சின்ன முதலாளி காது கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. உதவி செய்ய ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட மலர்ச்சி அது.

“மிஸ் பெந்தலாத?”

சித்திக்கு அது நன்றாகவே விளங்கியது. ஆனாலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. “கலியாணம் முடிச்சிட்டியளோ எண்டு கேக்கிறா, சித்தி. முடிச்சிருந்தா சேமலாப நிதியாவது எடுக்கலாமாம்.”

சின்ன முதலாளி தன் சப்பாத்தைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சித்தி தலையை ஆட்டி, “இல்லை,” என்றார். பார்ட்டியில் பேசிய அதே மெல்லிய குரல். கலியாணத்துக்காகத் தானே விலகியவர் என்பதால் ஒரு கதவும், கலியாணம் முடிக்காதவர் என்பதால் மற்றக் கதவும் அந்த அறையிலேயே சாத்தப்பட்டன. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, “அவன் கதிரை போட்டுத் தந்தவனடி,” என்று மட்டும் சொன்னார். நான் சின்ன முதலாளியைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

வாடகைக்காக நகைகள் போன பிறகு, ஒரு நாள் பொலித்தீனைப் பிரித்து, சேலையைத் திருப்பிக் கொடுக்கக் காலி வீதியில் அது வாங்கிய கடைக்கே கொண்டுபோனார். கடைக்காரர் ஒரு மடிப்பைப் பிரித்தார். பட்டு மடிப்போடு மடிப்பாக இத்துப் பிளந்திருந்தது. “கட்டாத சேலையை ஆரம்மா பிரிச்சு மடிக்காம வைக்கிறது?” என்று கேட்டவர், சித்தியின் பேச்சையும் தோரணையையும் பார்த்து, கலியாணக் கூறைச்சேலைப் பகுதியில் நிற்க ஆள் தேவை என்றார். சித்தி அன்றைக்கே நின்றார்.

வீடு தப்பியது. சித்தி இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார். போன கிழமை என் சிநேகிதி ஒருத்திக்குக் கூறை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். என்னைத் தெரிந்ததாகச் சித்தி காட்டிக்கொள்ளவில்லை, கடையில் அப்படித்தான். அவள் கேட்ட சேலைகளை ஒவ்வொன்றாகத் தன் தோளில் போட்டு, முந்தானையை விரித்து, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று காட்டினார். வெளிச்சத்தில் சரிகை அவர் கழுத்துச் சுருக்கங்களில் மின்னியது.

சிநேகிதிக்கு முடிவெடுக்க முடியவில்லை. சும்மா கதை கொடுத்தாள்.

“அன்ரி, உங்கட கலியாணத்துக்கு என்ன கலர் கட்டினீங்கள்?”

சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. தோளில் கிடந்த பட்டை நீவிவிட்டபடி, “அரக்கு,” என்றார்.

“அப்ப எனக்கும் அதுவே இருக்கட்டும்,” என்றாள் அவள். சித்தி மேல்தட்டில் இருந்து ஒரு பெட்டியை இறக்கினார்.