ஆறாம் கட்டிலின் நான்கு மணிக் கட்டம்

நர்ஸ் உதவியாளர் வேலைக்கு வர நினைக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளம். மதுரையில் ஒன்பது மாதப் பயிற்சி முடித்து, சர்டிபிகேட்டோடு வந்த எனக்கு மாதம் பதினைந்து ரூபாய். மூன்று மாதம் கழித்து டாக்டர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். பிறகு முழு நர்ஸ் படிப்புக்குச் சிபாரிசு. சர்டிபிகேட் இல்லாத வார்டு ஆயாவுக்கு எட்டு ரூபாய். எத்தனை வருடமானாலும் எட்டுதான்.

இனி என் முதல் நாள்.

தேவாரத்துக்கு அருகே, மலேரியாக் காய்ச்சலுக்கென்று பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. அங்கே பதினொரு வருடமாக ஆயா வேலை பார்த்தவர் பேச்சியம்மா அக்கா. நான்கு மணி ரவுண்டுக்குத் தெர்மாமீட்டரோடு போனேன். சார்ட்டுகளில் அந்த நேரத்து டெம்பரேச்சர் முன்னதாகவே எழுதியிருந்தது. ஒன்றாம் கட்டிலில் 102. எடுத்துப் பார்த்தேன்: 102. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எல்லாமே அப்படித்தான். அரை டிகிரிகூட விலகவில்லை.

ஆறாம் கட்டிலில் கட்டம் காலி.

"இதெல்லாம் யாரு எழுதுனது அக்கா?"

"நாந்தேன் ஆத்தா. உள்ளங்காலத் தொட்டாத் தெரிஞ்சு போகும்ல."

"இது ஏன் எழுதல?"

"நாலு மணிக்கு அந்த உசுரு இருக்காதுன்னு விட்டுட்டேன்." போர்வையை மடித்தபடியே சொன்னார். அது அந்த ஆறாம் கட்டில் பெண்ணின் போர்வை. அவள் புருஷன் உடலைக் கொண்டுபோக வாசலில் வண்டி பூட்டி நின்றிருந்தார்.

அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். 95.4. சார்ட்டின் மருந்துப் பகுதியைப் பார்த்தேன். காலையிலிருந்து மலேரியா மருந்தான கொயினா இல்லை, கஞ்சி இல்லை.

போர்வையைப் பிடுங்கிப் போர்த்தினேன். வெந்நீர்ப் பாட்டில்களைக் காலடியிலும் விலாவிலும் வைத்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கொயினா ஊசி போட்டார். ஆறு மணிக்கு 97. அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். புருஷன் வண்டியை அவிழ்க்கப் போனார்.

நான் பழைய சார்ட் கட்டை எடுத்தேன். நான்கு மணிக் கட்டம் காலியாக இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் இறந்திருந்தார்கள். ஒன்பதிலும் மருந்து அன்று காலையே நின்றிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் டாக்டரின் சுருக்கக் கையொப்பம்.

பேச்சியம்மா அக்காவிடம் காட்டினேன்.

"எனக்குக் கண்ணாடிக்குள்ள ஓடுற அந்தக் கோட்டப் பாத்துச் சொல்லத் தெரியாது ஆத்தா. எழுதுன்னாக, எழுதுனேன். போற உசுருக்குக் கசப்பு மருந்து எதுக்குன்னு..." பாதியில் நிறுத்தினார். ஆறாம் கட்டிலைப் பார்த்தார். "அப்ப மத்தவுக?"

நான் அந்த ஒன்பது சார்ட்டையும் தனியே எடுத்துக் கட்டினேன்.

மறுநாள் அந்தச் சார்ட் கட்டை டாக்டர் மேஜையில் வைத்தேன்.

"ஒனக்கு வேலை நிரந்தரமாகணுமா, வேணாமா?"

"ஆகணும் சார். அக்காவுக்குத் தெர்மாமீட்டர் பாக்கக் கத்துக்கொடுக்க தினம் அரை மணி நேரமும் வேணும்."

அரை மணி உடனே கிடைத்தது. மூன்றாம் மாதம் வர வேண்டிய கையெழுத்து பதினொன்றாம் மாதம்தான் கிடைத்தது.

ஆகவே, வேலைக்குச் சேரும்போது இரண்டு கேளுங்கள். ஒன்று, உங்கள் சம்பளம். இரண்டு, அங்கே எட்டு ரூபாய் வாங்குகிறவர் தலையில், அவருக்குச் சொல்லித்தராத எந்த வேலையைக் கட்டியிருக்கிறார்கள் என்பது.